குடல் அழற்சி நோயாளிக்கு மருந்துடன் துணையும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாள்பட்ட குடல் அழற்சி நோய்க்கு வந்துள்ள புதிய மருந்துகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். செரிமானப் பாதையின் எந்தப் பகுதியையும் தாக்கக்கூடிய கிரோன் நோய்க்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் புண் நோய்க்கும் உள்ள வேறுபாட்டையும், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே குடலைத் தாக்கும் விதத்தையும் அக்கட்டுரை தெளிவாக விளக்கியிருந்தது. ஆனால், அந்த மருந்து நோயாளியின் கைக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. குடல் நோய்ப் பிரிவில் பல ஆண்டுகளாகச் செவிலியராகப் பணியாற்றி வருபவள் என்ற முறையில் அதைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், இந்த நோயில் சிகிச்சை பலன் தருவதும் தராமல் போவதும் பெரும்பாலும் நோயாளி மருத்துவமனையை விட்டு வெளியே இருக்கும் நாள்களில்தான் முடிவாகிறது.

இந்த நோய் பெரும்பாலும் இளம் வயதில், அதாவது படிப்பு, வேலை, திருமணம் என்று வாழ்க்கை சூடுபிடிக்கும் காலத்தில் வருகிறது. ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, அடக்க முடியாத அவசரம், வயிற்றுவலி, எடைக் குறைவு, எழுந்திருக்கவே விடாத களைப்பு என்று சில வாரங்கள் ஆட்டி வைத்துவிட்டு, சிகிச்சைக்குப் பின் மாதக் கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக் கணக்கில் அடங்கியிருக்கும். அடங்கியிருக்கும் அந்தக் காலம்தான் ஆபத்தானது. வலி இல்லை, ரத்தம் இல்லை. தினமும் விழுங்கும் மாத்திரையால் கூடுதலாக எந்த நன்மையும் கண்ணுக்குத் தெரிவதில்லை. 'நன்றாகத்தானே இருக்கிறேன், இன்னும் எதற்கு இது?' என்ற கேள்வி எந்த மனிதருக்கும் எழக்கூடியதே. நீண்டகால நோய்களுக்கான மருந்துகளைச் சொன்னபடி எடுத்துக்கொள்பவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. குடல் அழற்சி நோயாளிகள் இதற்கு விதிவிலக்கல்லர்.

அதன் விளைவு என்ன என்பதை அதே 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. மெசலமைன் மருந்தால் நோய் அடங்கியிருந்த பெருங்குடல் புண் நோயாளிகள் 99 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, முதல் 6 மாதங்களில் 12 பேருக்கு நோய் மீண்டும் கிளம்பியது. அந்த 12 பேருமே மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளாதவர்கள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் மற்றவர்களைவிட 5 மடங்குக்கும் அதிகமாக இருந்தது. அவர்கள் கைவிட்டது புதிய மருந்தோ விலையுயர்ந்த மருந்தோ அல்ல. பல்லாண்டுகளாகப் பழக்கத்தில் இருக்கும் சாதாரண மாத்திரை.

உயிருள்ள செல்களைக் கொண்டு தயாரிக்கப்படும் உயிரியல் ஊசி மருந்துகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. 1998-இல் கிரோன் நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்ஃப்ளிக்சிமாப் மருந்தைத் தொடக்கத்தில் 0, 2, 6 ஆகிய வாரங்களிலும், பிறகு 8 வாரங்களுக்கு ஒருமுறையும் நரம்பு வழியாக ஏற்றுகிறோம். அடாலிமுமாப் மருந்தை முதலில் 160 மில்லிகிராம், இரண்டு வாரம் கழித்து 80, அதன் பின் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை 40 என்று தோலுக்கு அடியில் நோயாளி தாமே போட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கு காரணமில்லாமல் வகுக்கப்பட்டதன்று. மருந்தின் அளவு ரத்தத்தில் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கி இறங்கி ஏறினால், உடல் அந்த மருந்தையே அந்நியப் பொருளாகக் கருதி அதற்கு எதிராக எதிர்ப்பொருளை உருவாக்கத் தொடங்கலாம். அதற்குப் பிறகு மருந்தை ஒழுங்காகப் போட்டாலும் பழைய பலன் கிடைக்காமல் போகலாம். நரம்பு வழியாக ஏற்றும்போது ஒவ்வாமையும் வரலாம். குடல் அழற்சி நோய்க்கு இருக்கும் மருந்துகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்றாலும், ஒவ்வொன்றாக இழந்துகொண்டே போகும் அளவுக்கு அது பெரிய எண்ணிக்கை அன்று. ஒரு மருந்தை அலட்சியத்தாலோ அச்சத்தாலோ இழப்பவர், வாழ்நாள் முழுவதும் தேவைப்படக்கூடிய ஒரு வழியை அடைத்துக்கொள்கிறார்.

நோயாளி ஆதரவுத் திட்டங்கள் என்று சொல்லப்படுபவை இந்த இடத்தில்தான் பணி செய்கின்றன. ஊசி போடக் கற்றுக்கொடுப்பது, அடுத்த தவணையை நினைவூட்டுவது, மருந்து தீர்வதற்கு முன் மறுபடி கிடைக்க வழி செய்வது, காப்பீட்டுத் தாள்களை நிரப்ப உதவுவது, சந்தேகம் வந்தால் அழைப்பதற்கு ஒரு தொலைபேசி எண்ணைத் தருவது, குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு செவிலியரோ பயிற்சி பெற்ற ஆலோசகரோ தாமாகவே அழைத்து நலம் விசாரிப்பது ஆகியவை அவற்றின் வழக்கமான வேலைகள். கேட்பதற்கு இவை சிறிய காரியங்களாகத் தோன்றலாம். எங்கள் பிரிவுக்கு வந்த ஓர் இளைஞர், ஊசி நெருப்பாய்ச் சுடுகிறது, இனிமேல் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். எப்படிப் போடுகிறீர்கள் என்று செய்து காட்டச் சொன்னேன். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு, தோலைத் துடைத்த ஸ்பிரிட் காய்வதற்குள், ஒவ்வொரு முறையும் தொடையின் அதே இடத்தில் போட்டுக்கொண்டிருந்தார். ஊசிப் பேனாவை வெளியே எடுத்து வைத்து ஏறக்குறைய அரை மணி நேரம் குளிர் தணிய விட வேண்டும், அதற்காக வெந்நீரில் வைக்கக் கூடாது, தோல் நன்றாகக் காய வேண்டும், இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுக்கப் பத்து நிமிடங்கூட ஆகவில்லை. அவர் அந்த மருந்தைத் தொடர்ந்தார். அந்தப் பத்து நிமிடம் கிடைத்திராவிட்டால், அவருடைய குறிப்பேட்டில் 'மருந்து பலனளிக்கவில்லை' என்றே எழுதியிருப்போம்.

மருந்தை விடுபவர்கள் எல்லோரும் மறதியால் விடுவதாக எண்ணிக் கைபேசியில் நினைவூட்டுச் செய்தி அனுப்பினால் போதும் என்று சிலர் கருதுகிறார்கள். என் அனுபவத்தில், யோசித்து முடிவெடுத்து நிறுத்துபவர்களே அதிகம், அவர்களுடைய காரணங்களும் அற்பமானவை அல்ல. மருந்துப் பெட்டியில் உள்ள தாளில் புற்றுநோய் என்ற சொல்லைப் பார்த்து அஞ்சியவர்கள் உண்டு. சளியும் காய்ச்சலும் வந்ததால் ஒரு தவணையைத் தள்ளிப்போட்டு, பிறகு எப்போது மீண்டும் தொடங்குவது என்று தெரியாமல் அப்படியே விட்டவர்கள் உண்டு. கருவுற்றதும் குழந்தைக்குக் கேடு என்று எண்ணி எல்லா மருந்துகளையும் ஒரே நாளில் நிறுத்திய பெண்கள் உண்டு. கர்ப்ப காலத்தில் மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து கூடாது என்பது உண்மைதான், அதை முன்கூட்டியே நிறுத்த வேண்டும். ஆனால் மெசலமைன், அசாதயோப்ரின், இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் போன்றவற்றை மருத்துவரின் கண்காணிப்பில் பொதுவாகத் தொடரலாம் என்பதும், குடலில் நோய் கொதித்துக்கொண்டிருப்பதே கருவுக்கு அதிக ஆபத்து என்பதும் அவர்களுக்கு யாரும் சொல்லாத செய்திகள். இந்த அச்சங்களுக்குக் குறுஞ்செய்தி பதில் சொல்லாது. அடுத்த மருத்துவச் சந்திப்பு மூன்று மாதம் கழித்து என்றால், அந்த மூன்று மாதமும் நோயாளி தம் அச்சத்தோடு தனியாக இருக்கிறார்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. நோய் கிளம்பும்போது வீட்டில் மீதமிருக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாகவே எடுத்துக்கொண்டு, சற்றுக் குறைந்ததும் திடீரென்று நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டீராய்டு விரைவாக அடக்கித் தரும், ஆனால் நோயை நீண்ட காலம் அடக்கி வைத்திருக்காது. எலும்பைத் தேய்க்கும், சர்க்கரையை ஏற்றும், நெடுநாள் எடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் உடலே தள்ளாடும். மூட்டுவலிக்கு என்று கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகளும் சிலருக்கு நோயைக் கிளப்பிவிடுகின்றன. கிரோன் நோயாளி புகைபிடித்தால் நோய் மோசமாகிறது. இவற்றையெல்லாம் பேச ஒருவர் வேண்டும். அதுவும் தக்க நேரத்தில் வேண்டும்.

இப்படிப்பட்ட திட்டங்கள் உண்மையில் பலனைக் கூட்டுகின்றனவா என்று கேட்பது நியாயம். அடாலிமுமாப் எடுத்துக்கொள்பவர்களுக்கான ஆதரவுத் திட்டங்களை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆய்வுகள் வெளிவந்துள்ளன. திட்டத்தில் சேர்ந்தவர்களும், ஆலோசகரின் அழைப்புகளைத் தொடர்ந்து பெற்றவர்களும் மருந்தை அதிக காலம் விடாமல் எடுத்தார்கள் என்று அவை கூறுகின்றன. நான் இந்தப் பணியை நேசிப்பவள் என்றாலும், இந்த முடிவுகளை அப்படியே ஏற்றுக்கொள்ளச் சொல்ல மாட்டேன். திட்டத்தில் சேர முன்வருபவரும் அழைப்பை எடுத்துப் பேசுபவரும் ஏற்கெனவே தம் உடல்நலத்தில் அக்கறை உள்ளவராக இருக்க வாய்ப்பு அதிகம். மேலும், நெடுநாள் மருந்தில் இருப்பவருக்குத்தான் நிறைய அழைப்புகள் போயிருக்கும். அழைத்ததால் தொடர்ந்தாரா, தொடர்ந்ததால் அழைப்புகள் கூடினவா என்பதைப் பழைய பதிவேடுகளை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம். இத்தகைய ஆய்வுகளில் பல, அந்த மருந்தைத் தயாரிக்கும் நிறுவனத்தின் பொருளுதவியுடன் நடந்தவை என்பதையும் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்துச் செய்த ஆய்வுகளையே நான் அதிகம் நம்புகிறேன். இங்கிலாந்தில் 203 பெருங்குடல் புண் நோயாளிகளிடம் நடத்தி 2001-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நோய் கிளம்பினால் என்ன செய்ய வேண்டும் என்ற எழுத்துத் திட்டத்தை ஒரு பிரிவினருக்கு முன்கூட்டியே வகுத்துக் கொடுத்தார்கள். அவர்கள் சராசரியாக 14.8 மணி நேரத்தில் சிகிச்சையைத் தொடங்கினார்கள். வழக்கமான முறையில் இருந்தவர்களுக்கு 49.6 மணி நேரம் ஆனது. டென்மார்க்கில் இணையவழிக் கல்வியும் வழிகாட்டலும் பெற்றவர்களுக்கு நோய் கிளம்பியிருந்த காலம் 18 நாள், மற்றவர்களுக்கு 77 நாள் என்று 2010-இல் வெளிவந்தது. 18 நாளுக்கும் 77 நாளுக்கும் உள்ள தூரம் என்னவென்று, இரவில் ஐந்தாறு முறை கழிப்பறைக்கு ஓடிய எவரையும் கேட்டுப் பாருங்கள். நெதர்லாந்தில் நான்கு மருத்துவமனைகளைச் சேர்ந்த 909 நோயாளிகளிடம் செய்து 2017-இல் வெளியான ஆய்வில், செவிலியரின் கண்காணிப்போடு இணைந்த தொலை மருத்துவ முறையைப் பயன்படுத்தியவர்கள் ஓராண்டில் சராசரியாக 1.55 முறை வெளிநோயாளியாக வந்தார்கள், மற்றவர்கள் 2.34 முறை வந்தார்கள். மருத்துவமனையில் சேர வேண்டிய தேவையும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, மருந்தை எடுத்துக்கொள்ளும் ஒழுங்கும் கூடியது. ஆனால், நோய் கிளம்பிய எண்ணிக்கையில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை.

அமெரிக்காவில் 348 பேரிடம் குறுஞ்செய்தி வழியாக அறிகுறிகளைக் கேட்டறிந்து செய்த ஆய்வு 2019-இல் வெளியானது. அதில் நோயின் தீவிரமோ வாழ்க்கைத் தரமோ வழக்கமான சிகிச்சையைவிட மேம்படவில்லை. இந்த முடிவு என்னை வருத்தவில்லை, தெளிவாக்கியது. நினைவூட்டும் கருவி வேறு, பொறுப்பேற்றுப் பதில் சொல்லும் மனிதர் வேறு. நோயாளி 'ரத்தம் போகிறது' என்று தெரிவித்த அன்றே யாராவது மலப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்து, மருத்துவரிடம் பேசி, மருந்தின் அளவை மாற்றும் அதிகாரம் இருந்தால்தான் அந்தத் தகவலுக்கு மதிப்பு உண்டு. கிரோன் நோயாளிகள் 244 பேரிடம் செய்து 2017-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு இதை இன்னொரு வகையில் உறுதிப்படுத்துகிறது. அறிகுறிகளை மட்டும் நம்பாமல், அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் புரதங்களான கால்புரோடெக்டின் அளவை மலத்திலும் சி.ஆர்.பி. அளவை ரத்தத்திலும் பார்த்து அடாலிமுமாப் சிகிச்சையைத் தீவிரப்படுத்தியபோது, 48 வாரங்களின் முடிவில் 46 சதவீதத்தினருக்குக் குடல் உட்சுவர் ஆறியிருந்தது. அறிகுறிகளை மட்டும் வைத்து முடிவெடுத்த பிரிவில் அது 30 சதவீதம். நோயாளி நன்றாக உணரும்போதே உள்ளே புண் கனன்றுகொண்டிருக்கலாம். சரியான நாளில் அந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லி விடாமல் கேட்பதும் ஆதரவுப் பணியில் சேர்ந்ததுதான்.

மனத்தின் பாரத்தைச் சொல்லாமல் இதை விட முடியாது. 2021-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், குடல் அழற்சி நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பதற்றத்தின் அறிகுறிகளும், நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும் இருந்தன. நோய் தீவிரமாக இருக்கும்போது இந்த விகிதம் இன்னும் அதிகம். இதில் வியப்பு எதுவும் இல்லை. பயணம் போனால் கழிப்பறை எங்கே என்பதுதான் முதல் கேள்வி. அலுவலகக் கூட்டத்திலிருந்து பாதியில் எழுந்து போவதை எத்தனை முறை விளக்க முடியும்? மலத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டு, ரத்தம் போவதைப் பெற்ற தாயிடம்கூட மாதக்கணக்கில் மறைத்த கல்லூரி மாணவிகளைப் பார்த்திருக்கிறேன். மருத்துவரின் அறையில் 'பரவாயில்லை' என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், இரண்டு நாள் கழித்து நான் தொலைபேசியில் அழைக்கும்போது, ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறது என்ற உண்மைக் கணக்கைச் சொல்வார்கள். முகம் பார்க்காமல் பேசுவது சிலருக்கு எளிதாக இருக்கிறது. அந்த ஓர் உண்மைக் கணக்கு மருத்துவரின் முடிவையே மாற்றிவிடும்.

இத்திட்டங்களை நடத்துவது யார் என்பதைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். உயிரியல் மருந்துகளுக்கான ஆதரவுத் திட்டங்களில் பெரும்பாலானவற்றை அந்தந்த மருந்து நிறுவனங்களே நடத்துகின்றன. அவற்றால் நோயாளிகள் பயன் பெறுவதை நான் மறுக்கவில்லை. அங்கே பணியாற்றும் செவிலியர்களின் உழைப்பையும் மதிக்கிறேன். ஆனால் அந்த ஆதரவு மருந்தின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. மருந்து மாறினால் அழைத்துப் பேசிய குரலும் நின்றுவிடுகிறது. ஒரு மருந்திலிருந்து அதற்கு நிகரான பயோசிமிலர் மருந்துக்கு மாற்றும்போது இது பெருங்குறையாகிறது. நார்வேயில் 482 நோயாளிகளிடம் செய்து 2017-இல் வெளியான ஆய்வு, இன்ஃப்ளிக்சிமாப் மருந்தின் மூல வடிவத்திலிருந்து பயோசிமிலருக்கு மாறியவர்களின் நிலை, மாறாதவர்களைவிட மோசமாகவில்லை என்று காட்டியது. இருந்தும், இது மட்டமான மருந்து என்ற எண்ணம் மனத்தில் விழுந்துவிட்டால் அந்த எண்ணமே வலியையும் களைப்பையும் கூட்டக்கூடும். நம்பிக்கையான ஒருவரின் விளக்கம் மிகவும் தேவைப்படும் அந்தத் தருணத்திலா தொடர்பு அறுந்துபோவது? தவிர, மருந்தைத் தொடரச் செய்வது மட்டுமே ஒரு திட்டத்தின் இலக்காக இருக்கலாகாது. பலன் தராத மருந்தை நிறுத்தி வேறு வழிக்குப் போக வேண்டும் என்று நோயாளியிடம் சொல்லும் உரிமை அழைப்பவருக்கு இருக்க வேண்டும். விற்பவரிடம் சம்பளம் வாங்குபவருக்கு அது எளிதன்று.

எனவே இந்தப் பொறுப்பு சிகிச்சை தரும் மருத்துவக் குழுவிடமே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிரிட்டனில் குடல் அழற்சி நோய்க்கென்றே தனிப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் இருக்கிறார்கள். நோயாளிகள் அழைப்பதற்கான ஆலோசனைத் தொலைபேசி அவர்களுடைய அன்றாடப் பணியின் ஒரு பகுதி. இதற்குப் பெரிய கட்டடமோ இயந்திரமோ தேவையில்லை. தேவைப்படுவது பயிற்சி பெற்ற ஒரு செவிலியரும், அவருக்கென ஒதுக்கப்பட்ட நேரமும், அவர் சொல்லும் அவசரத்தைக் கேட்டு அன்றே முடிவெடுக்கும் ஒரு மருத்துவரும்தான். ஒதுக்கப்பட்ட நேரம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வார்டு வேலை, ஊசி ஏற்றும் வேலை எல்லாம் முடிந்த பிறகு மிச்ச நேரத்தில் அழையுங்கள் என்றால் அந்த மிச்ச நேரம் ஒருபோதும் வராது. எல்லா நோயாளிகளையும் ஒரே இடைவெளியில் அழைக்கவும் வேண்டியதில்லை. புதிதாக ஊசி தொடங்கியவர், ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டு வருபவர், கருவுற்றவர், குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும் பதின்வயதினர், மருந்து மாற்றப்பட்டவர் ஆகியோருக்கு முதல் சில மாதங்கள் அடிக்கடி தேவைப்படும். பல ஆண்டுகளாக அமைதியாக இருப்பவருக்கு அழைத்தால் எடுப்பதற்கு ஆள் இருந்தாலே போதும். திட்டத்தை நடத்துபவர் யாராக இருந்தாலும், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இடையில் விலகினார்கள், ஏன் விலகினார்கள், குடல் ஆறியதா, ஸ்டீராய்டு இல்லாமல் இருக்க முடிந்ததா என்பதையெல்லாம் பதிவு செய்து வெளியிட வேண்டும். எத்தனை அழைப்புகள் செய்தோம் என்ற கணக்கு மட்டும் யாருக்கும் உதவாது.

தங்கள் நாளிதழை நோயாளிகளும் அவர்களுடைய குடும்பத்தினரும் படிக்கிறார்கள். அடுத்த முறை இந்த நோயைப் பற்றி எழுதும்போது, மருந்தைத் தொடங்கும் முன் மருத்துவமனையில் கேட்க வேண்டிய கேள்விகளையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு தவணை தவறினால் என்ன செய்வது, காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பது, நோய் கிளம்புவதற்கான முதல் அறிகுறிகள் எவை, அப்போது முதலில் செய்ய வேண்டியது என்ன, மாலையிலும் விடுமுறை நாளிலும் எந்த எண்ணில் ஆள் கிடைப்பார் என்ற கேள்விகளுக்குப் பதிலை எழுதி வாங்கிக்கொண்ட பிறகே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுமாறு என்னிடம் வரும் ஒவ்வொருவரிடமும் சொல்லி வருகிறேன். எழுதித் தர மருத்துவமனையில் யாரும் இல்லையென்றால், அப்படி ஒருவரை நியமிக்கும்படி கேட்பதற்கும் நோயாளிக்கு உரிமை உண்டு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடல் நோய்ப் பிரிவுச் செவிலியர் ஒருவர்